மஞ்சள் பொடிக்கு மூன்றரை நட்சத்திரம்

முகப்பருவுக்கு மினோசைக்ளின் சாப்பிட்ட அனுபவத்தைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். நான் எழுதப்போவது ஆய்வகங்களுக்கென்று சின்னக் குப்பியில் அடைத்து விற்கும் மினோசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு பொடியைப் பற்றி. மூன்று வருடங்களாக அதை எலிகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான்காவது குப்பி இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது.

என் வேலை கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்காது. மயக்கம் கொடுத்த எலியின் கழுத்தைத் திறந்து, நுனியில் சிலிகோன் பூசிய மெல்லிய இழையைக் கழுத்துத் தமனிக்குள் விட்டு, ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் தள்ளி, லேசாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். மூளையின் நடுத் தமனி அடைபட்டுவிடும். 90 நிமிடம் கழித்து இழையை உருவினால் ரத்தம் திரும்பப் பாயும். மனிதருக்கு வரும் பக்கவாதத்தை எலிக்கு வரவைக்கும் வழி இது. 1986-இல் கொய்சுமி குழு தொடங்கியது, 1989-இல் லோங்கா குழு திருத்தியது. மறுநாள் மூளையை 2 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி டிடிசி என்ற சாயக் கரைசலில் போட்டால் உயிருள்ள பகுதி சிவக்கும், செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். மருந்து போட்ட எலியில் அந்த வெள்ளை சிறுத்திருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. நெறிக்குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது. ஆகவே பொடி சொதப்பினால் வீணாவது பொடி மட்டுமில்லை.

ஒரு ஆன்டிபயாட்டிக்கை மூளைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மினோசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்துப் பிள்ளை, 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. குடும்பத்தில் மற்றவர்களைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டிப் போகும். 1998-இல் பின்லாந்தின் குவோபியோவிலிருந்து வந்த ஒரு ஆய்வுதான் எங்கள் துறையை இதன் பக்கம் திருப்பியது. ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு விலங்குகளின் மூளைக்கு ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தினால், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில் பத்தில் ஒரு நரம்பணுதான் மிஞ்சும். மினோசைக்ளின் முன்கூட்டியே கொடுத்த ஜெர்பில்களில் முக்கால்வாசி மிஞ்சியது. அடுத்த வருடமே அதே குழு எலியில், இழை முறையில், செய்து காட்டியது. அடைப்பு ஏற்பட்டு 4 மணி நேரம் கழித்துத் தொடங்கினாலும் மூளைப் புறணியின் சேதம் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்தது. பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 4 மணி நேரத்தின் மதிப்பு புரியும்.

பக்கவாதம் வந்த மூளையில் கிருமியே கிடையாது. மூளைக்குள் காவல் பார்க்கும் மைக்ரோக்ளியா என்ற செல்கள் சேதம் கண்டதும் வெறிகொண்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கின்றன. மினோசைக்ளின் அவற்றை அடக்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவரை அரிக்கும் எம்எம்பி-9 என்ற நொதியைத் தடுக்கிறது. செல் தற்கொலைக்குத் துணைபோகும் காஸ்பேஸ்களைக் குறைக்கிறது. இதையெல்லாம் படித்தபோது ஒரே பொடி இத்தனை வேலை செய்யுமா என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆர்டர் போட்டேன்.

குப்பி பழுப்புக் கண்ணாடி. உள்ளே பளிச்சென்ற மஞ்சள் பொடி. வெளிச்சமும் ஈரமும் ஆகாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடனே மூடியைத் திறக்காதீர்கள். குப்பி அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் உள்ளே காற்றின் ஈரம் படிந்து பொடி கட்டிதட்டும். நான் முதல் குப்பியில் கால்வாசியை இப்படித்தான் கெடுத்தேன், அதற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது குப்பிக்குச் சொல்லலாம். வரும்போதே அடியில் பழுப்பு நிறக் கட்டிகள் இருந்தன, குளிர்ப்பொதி உருகி அட்டைப்பெட்டி நனைந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "கரைத்த பிறகு நிறம் மாறலாம், அது இயல்பு" என்று பதில் வந்தது. நான் இன்னும் கரைக்கவே இல்லை, ஐயா! மூன்று வாரம் மடல் எழுதிய பிறகு வேறு குப்பி அனுப்பினார்கள்.

இன்னொரு விஷயத்தைக் குப்பியின் மேல் பெரிய எழுத்தில் போடலாம், யாரும் போடுவதில்லை. நீங்கள் நிறுப்பது உப்பு, ஆய்வுகளில் சொல்லும் அளவு பல நேரம் மருந்துக்கு மட்டுமானது. மினோசைக்ளினின் மூலக்கூறு எடை 457.5, ஹைட்ரோகுளோரைடு சேர்ந்தால் 493.9. 300 கிராம் எலிக்கு கிலோவுக்கு 45 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 13.5 மில்லிகிராம் மருந்து வேண்டும், அதற்குப் பொடியில் 14.6 நிறுக்க வேண்டும். பொடியில் தண்ணீரும் கொஞ்சம் இருக்கும், அதை ஒரே தடவையில் தயாரித்த அந்த லாட்டின் தரச் சான்றிதழில் பார்த்துக் கழிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் உப்பா, மருந்தா என்று பாதிப் பேர் எழுதுவதே இல்லை.

அடுத்தது கரைப்பது. என் பெரும்பாலான மனஸ்தாபம் இங்கேதான். சுத்தமான தண்ணீரில் கரையும், சலைனிலும் கொஞ்சம் பொறுமையாக ஆட்டினால் கரையும். ஆனால் கரைசல் புளிப்பு: பிஎச் 4-க்கு அக்கம்பக்கம். அதை அப்படியே எலியின் வயிற்றறைக்குள் போட்டால் என்ன ஆகும்? வலி மருந்துகளைச் சோதிக்க எலிகளுக்கு வயிற்றில் நீர்த்த அசிட்டிக் அமிலம் போட்டு, எத்தனை தடவை நெளிகின்றன என்று எண்ணும் பழைய சோதனை ஒன்று உண்டு. நாம் மருந்து என்று நினைத்துக்கொண்டு அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருப்போம். சரி, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நடுநிலைக்குக் கொண்டுவரலாமே என்றால், பாதி வழியிலேயே கலங்கி மஞ்சள் படிவு இறங்கிவிடும். பாஸ்பேட் பஃபரிலும் அதே கதி. சொட்டுச் சொட்டாக விட்டு, கலங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, செறிவைக் குறைத்து, ஊசி போடும் அளவைக் கூட்டி ஒரு வழியாகச் சமாளித்தேன். ஒப்பிட வைத்திருக்கும் எலிகளுக்கு வெறும் சலைன் போட்டால் போதாது, அதையும் அதே பிஎச்சுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வருடம் இது எனக்குத் தோன்றவில்லை.

கரைத்து வைத்தால் நிற்காது. வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே கருக்கத் தொடங்கும். தினமும் காலையில் புதிதாகக் கரைக்க வேண்டும். இந்த ஒரு குணம்தான் என் முதல் ஆய்வைக் கவிழ்த்தது.

முதல் தொகுதியின் முடிவுகள் வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிடிசித் தட்டில் மருந்து போட்ட எலிகளின் துண்டுகள் வரிசையாகச் சிவந்து கிடந்தன. பக்கத்து வரிசையில் பெரிய பெரிய வெள்ளைத் திட்டுகள். அளக்கவே வேண்டாம், வாசலிலிருந்தே தெரிந்தது. எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அவர் வந்து தட்டைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எந்த எலிக்கு எப்போ ஆபரேஷன் பண்ணினே?"

"மருந்து எலிகளுக்குக் காலையில அக்கா. கரைச்சவுடனே போட்டாத்தானே நல்லது. மத்ததுக்கு மத்தியானம்."

"ஹீட்டிங் பேட் எத்தனை மணிக்குப் போடுறே?"

நான் பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். காலை எலிகளின் மலக்குடல் வெப்பநிலை 35.2, 35.4, 35.1. மத்தியான எலிகள் 36.9, 37.1. நானே என் கையெழுத்தில் எழுதியவை. ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் எலி தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பேட் நன்றாகச் சூடேறும் முன்னாலேயே காலை எலிகளைக் கிடத்தியிருக்கிறேன். மூளை இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலே ரத்தத் தடையின் சேதம் பெருமளவு குறையும் என்று 1987-லேயே புஸ்டோ குழு எலிகளில் காட்டிவிட்டது. நான் கண்டுபிடித்தது குளிரை, அதையும் பன்னிரண்டு எலிகளைச் செலவழித்து.

"பொடி நல்ல பொடிதான்," என்றார் அக்கா. "நீதான் அதோட சேர்ந்து ஐஸும் குடுத்திருக்கே."

இரண்டாவது தொகுதியில் எல்லாவற்றையும் மாற்றினோம். எந்த எலிக்கு எது என்று சீட்டுப் போட்டு முடிவு. பேட் முந்தின மணி நேரத்திலிருந்தே சூட்டில். அறுவையின்போது மட்டுமல்ல, விழித்த பிறகும் சில மணி நேரம் வெப்பம் பார்த்தோம். வயிறு வலிக்கும் எலி சுருண்டு கிடக்கும், தின்னாது, குளிர்ந்துபோகும். மருந்தே மறைமுகமாகக் குளிரவைக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் நிறப் பிரச்சினை. பொடி இவ்வளவு மஞ்சளாக இருந்தால், ஊசி போடுபவருக்கும் பின்னால் எலியின் நடையைப் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கும் எது மருந்து என்று தெரியாமல் எப்படி இருக்கும்? சலைனுக்கும் மஞ்சள் வர ரிபோஃப்ளேவின் கலக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பி2 வைட்டமின், அதுவே மூளைக்கு ஏதாவது செய்தால்? வேண்டாம் என்று விட்டோம். கடைசியில் சிரிஞ்சுகளை அலுமினிய ஃபாயிலில் சுற்றினோம். வெளிச்சத்திலிருந்து மருந்துக்குக் காப்பு, நிறத்திலிருந்து எங்களுக்குக் காப்பு, இரண்டும் ஒரே தாளில். எண் ஒட்டிய சிரிஞ்சுகளை அக்கா நிரப்பித் தருவார், எந்த எண்ணில் எது என்று சொல்லும் பட்டியல், அதாவது சாவி, அவர் மேசையில். இந்தப் பொடியை வாங்குபவர்கள் கூடவே ஒரு ஃபாயில் சுருளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. மூளையை எடுக்கும்போது வயிற்றைத் திறந்தால் குடல் மேலும் கல்லீரல் ஓரத்திலும் மஞ்சள் படிவு. யாருக்கு மருந்து போயிற்று என்று அது ஊருக்கே சொல்லிவிடும். தலையை மட்டும் கையாளும் ஒருவர், வயிற்றைப் பார்க்கும் வேறொருவர் என்று பிரித்தோம்.

முடிவு? வித்தியாசம் இருந்தது. முதல் தடவை வாசலிலிருந்து தெரிந்தது, இந்தத் தடவை மென்பொருளில் அளந்த பிறகுதான் தெரிந்தது. புறணியில் வெள்ளை சிறுத்திருந்தது, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியில் ஏறக்குறைய மாற்றமில்லை. 1999 ஆய்விலும் ஸ்ட்ரயேட்டத்தில் பலன் குறைவுதான் என்பது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. சுழலும் தண்டில், அதாவது ரோட்டராடில், மருந்து எலிகள் சற்று அதிக நேரம் தாக்குப்பிடித்தன. மைக்ரோக்ளியாவை ஐபா1 சாயமிட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் திருப்தி. மருந்து இல்லாத மூளையில் அவை வீங்கி உருண்டு கும்பலாக நின்றன. மருந்து போன மூளையில் காயத்தின் ஓரத்தில் மெல்லிய கைகளை நீட்டியபடி பல செல்கள் அமைதியாக இருந்தன. பொடி சொன்ன வேலையைச் செய்கிறது. நான் முதலில் நம்பிய அளவுக்கு இல்லை, அவ்வளவே.

எந்த வழியில் கொடுப்பது என்பதில் என் கருத்து மாறிவிட்டது. பழைய ஆய்வுகள் பலவும் வயிற்றறை வழிதான், கிலோவுக்கு 45 மில்லிகிராம், முதல் நாள் இரண்டு தடவை. அந்த மஞ்சள் படிவைப் பார்த்த பிறகு, போட்டதில் எவ்வளவு எப்போது ரத்தத்துக்குப் போகிறது என்று எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2004-இல் ஃபேகன் குழு இதைத்தான் அளந்து சொன்னது: வயிற்றறை வழியில் உறிஞ்சுவது தாமதம், எலிக்கு எலி வேறுபாடு. நரம்பு வழியாகக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் போட்டாலே, மனிதர் வழக்கமான 200 மில்லிகிராம் எடுத்தால் வரும் ரத்த அளவு எலிக்கு வந்துவிடுகிறது. அந்த 3 மில்லிகிராமிலேயே எலியின் மூளைச் சேதம் குறைந்ததை அதே வட்டாரத்து இன்னொரு ஆய்வு காட்டியது. பதினைந்து மடங்கு குறைவான பொடி! ஒன்றை மறக்க வேண்டாம்: எலியின் உடம்பிலிருந்து இது சில மணி நேரத்தில் பாதியாகிவிடும், மனிதரில் அரை நாளுக்கு மேல் தங்கும். ஒரு ஊசி போட்டுவிட்டு மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று எழுதக் கூடாது.

இப்போது ஏன் நட்சத்திரத்தை வெட்டினேன் என்பதற்கு வருகிறேன். பொடியின் சுபாவம் எங்கே எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2002-இல், பிறந்து ஏழு நாளான எலிக் குஞ்சுகளில் ஆக்சிஜன் தடையால் வரும் மூளைச் சேதத்தை இது பிரமாதமாகக் குறைத்தது என்று ஒரு குழு காட்டியது. 2004-இல் வேறொரு குழு சுண்டெலிக் குஞ்சுகளில் கிட்டத்தட்ட அதே சோதனையைச் செய்தது, சேதம் அதிகமாயிற்று. கூடவில்லை, குறையவில்லை என்றால் பரவாயில்லை; கூடியிருக்கிறது. எலிக்கும் சுண்டெலிக்கும் நடுவே ஒரு மருந்து இப்படித் திரும்பி நின்றால் மனிதக் குழந்தையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

2007-ஆம் வருடம் இந்தப் பொடிக்கு இரண்டு முகங்களையும் ஒன்றாகக் காட்டியது. பக்கவாதம் வந்த 152 பேரில் பாதிக்குத் தினம் 200 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். நோயாளிக்குத் தான் எதை எடுக்கிறோம் என்று தெரிந்தே நடந்த சோதனை அது. மதிப்பிட்டவருக்கு மட்டும்தான் தெரியாது. அதே வருடம், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும் ஏஎல்எஸ் நோய் வந்த 412 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், மினோசைக்ளின் எடுத்தவர்கள் வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகச் சரிந்தார்கள். ஏஎல்எஸ் சுண்டெலிகளின் ஆயுளை இதே மருந்து நீட்டியதென்று அதற்கு ஐந்து வருடம் முன்னால் பெரிய பத்திரிகைகளில் வந்திருந்தது. எலிக்கூண்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கைவரை உள்ள தூரம் இது. பக்கவாதத்துக்கு எலிகளிலும் பரிசோதனைக் குழாயிலும் முயன்ற சிகிச்சைகள் 1,026 என்று 2006-இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. அந்தப் பட்டியலில் என் குப்பியும் ஒரு வரி.

அடிபட்ட மூளைக்கு இது எப்படி என்று கேட்பவர்களுக்கு: நான் நேரடியாகச் செய்யவில்லை, பக்கத்து மேசைத் தோழி செய்கிறாள். 450 கிராம் பித்தளை எடையைக் குழாய் வழியாக 2 மீட்டர் உயரத்திலிருந்து எலியின் மண்டையில் ஒட்டிய எஃகுத் தட்டின் மேல் விழவிடும் மர்மரூ முறை. சுண்டெலியில் 2001-லேயே அடிபட்ட சேதத்தை மினோசைக்ளின் குறைத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அவள் அனுபவத்தில் வீக்கம் குறைகிறது, நினைவுச் சோதனையில் பலன் ஒரு தொகுதிக்கு ஒரு மாதிரி வருகிறது. அவளும் என் ஃபாயில் சுருளைத்தான் எடுத்துப் போகிறாள்.

வேறு பொடி வாங்கலாமா என்றால், அதே குடும்பத்து டாக்சிசைக்ளின் கரைப்பதற்குச் சுலபம், ஆனால் மூளைக்குள் இதன் அளவுக்குப் போகாது. செஃப்ட்ரயாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் முழுக்க வேறு வழி: மிஞ்சினால் நரம்பணுக்களைக் கொல்லும் குளூட்டமேட்டை அள்ளிச் செல்லும் ஜிஎல்டி-1 புரதத்தைக் கூட்டும், அது 2005-இல் தெரியவந்தது. பல நாள் முன்னாலிருந்தே போட வேண்டும் என்பதால் திடீரென்று வரும் பக்கவாதத்துக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஆக, மூன்றரை. தூய்மைக்கும் வேலை செய்வதற்கும் சேர்த்து நான்கரை போடுவேன். கரைசலாகாத பிடிவாதத்துக்கு அரை, இனத்துக்கு இனம் குணம் மாறுவதற்கு அரை கழித்தேன். நரம்பு வழியில் ஊசி போடத் தெரிந்தவர், வெப்பமானியை நம்பத் தகுந்தபடி வைத்திருப்பவர், சாவியை வேறொருவரிடம் கொடுக்க மனம் உள்ளவர் வாங்கலாம். முதல் முடிவு வாசலிலிருந்தே தெரிந்தால் வெப்பக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் அடுத்த தொகுதி பெண் எலிகள். இந்த மருந்து ஆண் சுண்டெலிகளில் பக்கவாதச் சேதத்தைக் குறைத்து, பெண் சுண்டெலிகளில் ஒன்றும் செய்யவில்லை என்று 2009-இல் வந்த ஆய்வு என் மேசையில் ஒரு வருடமாகக் கிடக்கிறது. நாங்கள் இதுவரை பார்த்ததெல்லாம் இளம் ஆண் எலிகள். அனுமதி வந்துவிட்டது. நேற்று குப்பியை எடுத்து, ஒரு மணி நேரம் அறைச் சூட்டில் வைத்து, நிறுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு எலிகளுக்குப் போதாது. அதே லாட்டில் இன்னொரு குப்பி இருக்குமா என்று விற்றவருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.